பணம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது?

பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் பங்கு மலிவு, ஒரு லட்ச ரூபாய்ப் பங்கு பணக்காரர்களுக்கானது என்ற எண்ணத்தோடுதான் பெரும்பாலானோர் பங்குச் சந்தைக்குள் நுழைகிறார்கள். 2020 மார்ச்சில் இந்தியாவில் சுமார் 4 கோடியாக இருந்த டீமேட் கணக்குகள் (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்குகள்) 2025இல் 20 கோடியைத் தாண்டிவிட்டன. ஒருவருக்கே இரண்டு மூன்று கணக்குகள் இருக்கலாம் என்றாலும், ஆலோசகர் யாரும் இல்லாமல் தாமே தேர்ந்தெடுத்து, தாமே கைபேசியில் வாங்கி விற்கும் கோடிக்கணக்கானோர் புதிதாக வந்திருக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. அவர்கள் கேட்கும் கேள்விகள் பலவிதம். ஆனால் எந்தக் கேள்வியானாலும் 'இதில் பணம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது?' என்று தேடிப் பார்த்தால், முக்கால்வாசி விடை அதிலேயே கிடைத்துவிடும். இந்தப் பழக்கம் ஒன்று இருந்தால், விற்பவர்களின் பேச்சை நம்பிச் சேமிப்பை இழக்கும் நிலை பலருக்கு வராது என்று உறுதியாக நம்புகிறேன்.

முதலில் அந்தப் பத்து ரூபாய்ப் பங்கை எடுத்துக்கொள்வோம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் பங்கு 2023 ஜூனில் ஒரு லட்ச ரூபாயைத் தொட்டது. இந்தியாவில் அந்த விலையைத் தொட்ட முதல் பங்கு அதுதான். அந்த நிறுவனம் வெளியிட்டிருக்கும் மொத்தப் பங்குகள் 42 லட்சத்துச் சொச்சம் மட்டுமே. ஆக, ஒரு லட்ச ரூபாய் விலையில் முழு நிறுவனத்தின் சந்தை மதிப்பு சுமார் 42,400 கோடி ரூபாய். மறுபுறம் வோடஃபோன் ஐடியா. 2025 ஏப்ரலுக்குப் பிறகு அதன் பங்குகளின் எண்ணிக்கை ஏறக்குறைய 10,800 கோடி. ஒரு பங்கு பத்து ரூபாய்க்கு விற்றால் முழு நிறுவனத்தின் விலை ஒரு லட்சத்து எட்டாயிரம் கோடி. பத்து ரூபாய்ப் பங்கின் நிறுவனத்தை, ஒரு லட்ச ரூபாய்ப் பங்கின் நிறுவனத்தைப் போல இரண்டரை மடங்கு விலை கொடுத்து வாங்குகிறோம் என்பதே இதன் பொருள். ஒரு பங்கின் விலை மட்டும் தனியாக நமக்கு எதையும் சொல்வதில்லை. எண்ணிக்கையால் பெருக்கி, அந்த நிறுவனம் ஆண்டுக்கு எவ்வளவு சம்பாதிக்கிறது, எவ்வளவு கடன் வைத்திருக்கிறது என்பதோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் 'மலிவா?' என்று கேட்கவே முடியும்.

அதே 2025 ஏப்ரலில் வோடஃபோன் ஐடியாவில் நடந்த ஒன்றை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். நிறுவனம் மத்திய அரசுக்குச் செலுத்த வேண்டிய அலைக்கற்றைப் பாக்கியில் 36,950 கோடி ரூபாய், பத்து ரூபாய் வீதம் 3,695 கோடி புதிய பங்குகளாக மாற்றப்பட்டது. அரசின் பங்கு 22.6 சதவீதத்திலிருந்து 48.99 சதவீதமாக உயர்ந்தது. ஏற்கெனவே ஒரு லட்சம் பங்குகள் வைத்திருந்தவரின் கணக்கில் அன்றும் ஒரு லட்சம் பங்குகளே இருந்தன. ஆனால் நிறுவனத்தில் அவருக்கிருந்த பாகம் மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிட்டது. கடன் குறைந்தது உண்மைதான். அந்தக் கடனைக் குறைக்கப் பழைய பங்குதாரர்கள் தங்கள் பாகத்திலிருந்து விட்டுக்கொடுத்தார்கள் என்பதும் உண்மை. கைபேசித் திரையில் இந்தக் கைமாற்றம் தெரியாது.

விலைக்கும் மதிப்புக்கும் உள்ள தூரம் எவ்வளவு விசித்திரமாக இருக்கலாம் என்பதற்கு எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் சாட்சி. ஏஷியன் பெயின்ட்ஸ் பங்குகளைப் பெருமளவில் வைத்திருக்கும் இந்த முதலீட்டு நிறுவனத்தின் பங்கு, மும்பைச் சந்தையில் 3 ரூபாய் 53 காசு என்ற விலையில் உறைந்து கிடந்தது. அந்த விலைக்கு விற்க யாரும் தயாராக இல்லை, சந்தை விதித்த தினசரி விலை வரம்புக்கு மேலே போகவும் வழியில்லை. இத்தகைய நிறுவனங்களுக்கு வரம்பில்லாத சிறப்பு ஏலத்தை, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அனுமதித்ததும், 2024 அக்டோபர் 29 அன்று ஒரே நாளில் விலை 2,36,250 ரூபாயாகப் பதிவானது. 'மூன்று ரூபாய்ப் பங்கு இரண்டு லட்சமானது' என்று அது பரபரப்பாகப் பேசப்பட்டது. அந்த ஏலத்துக்கு முன்பும் நிறுவனத்திடம் அதே ஏஷியன் பெயின்ட்ஸ் பங்குகள்தான் இருந்தன. யாரும் அன்று ஒரே நாளில் பணக்காரர் ஆகவில்லை. முன்பே இருந்த சொத்து அன்றுதான் விலையில் தெரிந்தது. இதைப் பார்த்துவிட்டுச் சில்லறை விலைப் பங்குகளை மூட்டையாக வாங்கிப் போட்டவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

போனஸும் டிவிடெண்டும்

'பங்கு ஒரே இரவில் பாதியாகிவிட்டது, என்ன ஆயிற்று?' என்ற பதற்றம், போனஸ் (வைத்திருக்கும் பங்குகளுக்கு இலவசமாகத் தரும் கூடுதல் பங்குகள்) அறிவிக்கப்படும் ஒவ்வொரு முறையும் வருகிறது. 2024 அக்டோபரில் ரிலையன்ஸ் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தபோது, 2,655 ரூபாய் அளவில் இருந்த பங்கு மறு வர்த்தக நாளில் 1,330 ரூபாய் அளவில் தொடங்கியது. பணம் எங்கே போனது என்று கேளுங்கள். எங்கேயும் போகவில்லை. நிறுவனத்திலிருந்து ஒரு ரூபாய் வெளியே வரவுமில்லை, உள்ளே போகவுமில்லை. கணக்குப் புத்தகத்தில் காப்பு நிதி என்ற தலைப்பில் இருந்த தொகை மூலதனம் என்ற தலைப்புக்கு மாற்றி எழுதப்பட்டது, அவ்வளவே. முகமதிப்பை, அதாவது பங்கில் குறிக்கப்பட்ட அடிப்படை விலையை, பிரிக்கும்போதும் பணம் எங்கேயும் போவதில்லை. போனஸ் வரப்போகிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பங்கை வாங்குவதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

டிவிடெண்ட் அப்படியல்ல. அங்கே பணம் உண்மையாகவே நிறுவனத்தின் கஜானாவிலிருந்து உங்கள் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அதனால்தான் டிவிடெண்ட் பெறும் உரிமைத் தேதி கடந்ததும் பங்கின் விலை ஏறக்குறைய அந்தத் தொகையளவு குறைந்து தொடங்குகிறது. முந்தைய நாள் வாங்கி, டிவிடெண்டை வாங்கிக்கொண்டு மறுநாள் விற்றுவிடலாமே என்ற யோசனை இங்கேதான் உடைகிறது. பத்து ரூபாய் டிவிடெண்ட் வருகிறது, விலையில் பத்து ரூபாய் குறைகிறது. 2020 ஏப்ரலிலிருந்து டிவிடெண்ட் உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்ந்து வரிக்குட்படுவதால், 30 சதவீத வரம்பில் இருப்பவர் அதில் மூன்று ரூபாயை வரியாகக் கொடுக்கிறார். விற்றதில் வந்த நஷ்டத்தை அந்த டிவிடெண்டிலிருந்து கழிக்க முடியாது, மூலதன லாபத்திலிருந்து மட்டுமே கழிக்க முடியும்.

செய்திகளில் வரும் டிவிடெண்ட் சதவீதமும் பலரை ஏமாற்றுகிறது. அது முகமதிப்பின் மேல் கணக்கிடப்படும் சதவீதம். எம்.ஆர்.எஃப். 2023-24 நிதியாண்டுக்கு இரண்டு முறை மூன்று மூன்று ரூபாய் இடைக்கால டிவிடெண்டும், இறுதியாக 194 ரூபாயும் கொடுத்தது. மொத்தம் 200 ரூபாய். பத்து ரூபாய் முகமதிப்பில் இது 2,000 சதவீதம். பங்கின் விலை 1,30,000 ரூபாய் என்று கொண்டால், போட்ட பணத்துக்குக் கிடைத்தது 0.15 சதவீதம்.

புதிய வெளியீட்டில் போடும் பணம்

ஐ.பி.ஓ.வுக்கு, அதாவது ஒரு நிறுவனம் முதன்முதலாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்கும் வெளியீட்டுக்கு, விண்ணப்பிப்பவர்கள் 'ஒதுக்கீடு கிடைக்குமா, முதல் நாளில் எவ்வளவு ஏறும்?' என்றுதான் கேட்கிறார்கள். சில்லறைப் பிரிவில் விண்ணப்பங்கள் பல மடங்கு குவிந்தால் குலுக்கல்தான். ஒரே பான் எண்ணில் பல விண்ணப்பங்கள் போட்டால் அவை தள்ளுபடியாகும். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. நான் கொடுக்கும் பணம் நிறுவனத்துக்குப் போகிறதா, பழைய உரிமையாளருக்குப் போகிறதா?

2024 அக்டோபரில் வந்த ஹூண்டாய் மோட்டார் இந்தியாவின் வெளியீடு அதுவரை இந்தியா கண்டவற்றிலேயே மிகப் பெரியது. பங்குக்கு 1,960 ரூபாய், மொத்தம் 27,870 கோடி. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் அந்த நிறுவனத்தின் ஆலை இருப்பதால், நம் ஊர்த் தொழிற்சாலையை வளர்க்கப் பணம் கொடுக்கிறோம் என்று நினைத்தவர்கள் இருந்திருக்கலாம். அது முழுக்க முழுக்கப் பழைய பங்குகளின் விற்பனை. கொரியத் தாய் நிறுவனம் தன் பாகத்தில் 17.5 சதவீதத்தை விற்றது, முழுத் தொகையும் அதற்கே போனது. பட்டியலிடப்பட்ட முதல் நாளில் பங்கு சுமார் 7 சதவீதம் சரிந்து முடிந்தது. அடுத்த ஆண்டு வெளியீட்டு விலையைத் தாண்டி ஏறவும் செய்தது. ஆகவே பழைய பங்குகளின் விற்பனை என்பதாலேயே ஒரு வெளியீட்டை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் நிறுவனத்தை நன்றாக அறிந்த ஒருவர், தாமே தேர்ந்தெடுத்த நேரத்தில், தாமே நிர்ணயித்த விலையில் உங்களுக்கு விற்கிறார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பேரம் பேச வேண்டும். விண்ணப்பிக்காமல் இருப்பதும் ஒரு பேரம்தான். சிறு முதலீட்டாளருக்கு இருக்கும் மிகப் பெரிய வலிமை அதுவே.

விலை இறங்குகிறது, இன்னும் வாங்கலாமா?

எல்லாக் கேள்விகளிலும் அதிகச் சேதம் செய்வது இதுதான். 100 ரூபாய்க்கு வாங்கியது 60 ஆகிவிட்டது. அதே எண்ணிக்கையில் இன்னும் வாங்கினால் சராசரி 80 ஆகும். 80க்கு வந்ததும் விற்றுவிடலாம். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பங்கு 80க்கு வர வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கு இருக்கிறது? நீங்கள் வாங்கிய விலை உங்கள் கணக்கில் மட்டும்தான் இருக்கிறது. நிறுவனத்துக்கும் சந்தைக்கும் அது தெரியாது.

கரூரில் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியின் கதையை ஒவ்வொரு தமிழ் முதலீட்டாளரும் தேதிவாரியாகப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். 2017இல் 150 ரூபாய்க்கு மேல் விற்ற பங்கு அது. பெரிய நிறுவனங்களுக்குக் கொடுத்த கடன்கள் வாராக்கடனாக மாறத் தொடங்கியதும் விலை இறங்கியது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதை, பலவீனமான வங்கிகளைக் கட்டுப்படுத்தும் உடனடித் திருத்த நடவடிக்கையின் கீழ்க் கொண்டுவந்தது. அடுத்த மாதமே இந்தியாபுல்ஸ் ஹவுசிங் ஃபைனான்ஸுடன் இணையும் திட்டத்துக்கு அனுமதி மறுத்தது. 2019-20இல் 836 கோடி ரூபாய் நஷ்டம். 2020 மார்ச்சில் கொடுத்த கடனில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வாராக்கடன். 2020 செப்டம்பர் 25 அன்று நடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்கள் நிர்வாக இயக்குநர் உட்பட ஏழு இயக்குநர்களை வாக்களித்து வெளியேற்றினார்கள். இந்திய வங்கி வரலாற்றில் அரிதான நிகழ்வு அது. உரிமையாளர்கள் தங்கள் உரிமையை முழு வீச்சில் பயன்படுத்தினார்கள். ஆனால் அதற்குள் வங்கியின் மூலதனம் கரைந்துவிட்டிருந்தது. அதே செப்டம்பர் இறுதியில், நஷ்டத்தைத் தாங்க வங்கியிடம் எவ்வளவு மூலதனம் இருக்கிறது என்று காட்டும் மூலதனப் போதுமை விகிதம் பூஜ்யத்துக்கும் கீழே போயிருந்தது.

நவம்பர் 17 அன்று மத்திய அரசு வங்கியின் மீது தற்காலிகத் தடை விதித்தது. வைப்புதாரர்கள் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. அன்று மாலையே ரிசர்வ் வங்கி வரைவுத் திட்டத்தை வெளியிட்டது. டி.பி.எஸ். வங்கியின் இந்தியப் பிரிவுடன் இணைப்பு, செலுத்தப்பட்ட பங்கு மூலதனம் முழுவதும் தள்ளுபடி. எல்லோரும் படிக்கும் இடத்தில், எல்லோருக்கும் புரியும் மொழியில் அது இருந்தது. நவம்பர் 27 அன்று இணைப்பு நடைமுறைக்கு வந்தது. டி.பி.எஸ். கொண்டுவந்த 2,500 கோடி ரூபாய் வங்கியை நிமிர்த்தியது, வைப்புதாரர்களின் பணம் காப்பாற்றப்பட்டது. 94 ஆண்டு கால வங்கியின் பங்குதாரர்களுக்கு ஒரு காசுகூடக் கிடைக்கவில்லை. வங்கி வெளியிட்ட கடன் பத்திரங்களில் 318 கோடியும் தள்ளுபடியானது.

அந்தப் பத்து நாள்களை யோசித்துப் பாருங்கள். 15 ரூபாய் அளவில் இருந்த பங்கு சுமார் 7 ரூபாய்க்கு இறங்கியது. ஒவ்வொரு இறக்கத்திலும் விற்றவர் ஒருவர் இருந்தால், வாங்கியவரும் ஒருவர் இருந்தார். பூஜ்யம் என்று அறிவிக்கப்பட்ட ஒன்றை ஏழு ரூபாய் கொடுத்து வாங்கியவர்களில் பலர் சராசரியைக் குறைக்க முயன்றவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். வரைவுத் திட்டத்தின் அந்த ஒரு வரியை யாராவது அவர்களுக்குப் படித்துக் காட்டியிருக்கக் கூடாதா என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் தீரவில்லை.

பங்குதாரர் என்பவர் கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்காருபவர். வைப்புதாரர், கடன் கொடுத்தவர், பத்திரம் வாங்கியவர், வரி வசூலிக்கும் அரசு, ஊழியர் ஆகிய எல்லோரும் எழுந்த பிறகே அவருக்கு இலை போடப்படும். மிச்சம் நிறைய இருந்தால் அத்தனையும் அவருக்கே, ஒன்றுமில்லையென்றால் வெறும் இலைதான். 2021 ஜூனில் வீட்டுக் கடன் நிறுவனமான டி.எச்.எஃப்.எல்.லின் பங்குகள் சந்தையிலிருந்து நீக்கப்பட்டபோதும் இதுவே நடந்தது. பிரமல் குழுமம் சுமார் 34,250 கோடி ரூபாய்க்கு அந்த நிறுவனத்தை எடுத்துக்கொண்டது. பணம் கடன் கொடுத்தவர்களுக்குப் போனது, பழைய பங்குகளின் மதிப்பு பூஜ்யம் ஆனது. 'நிறுவனத்தைப் பெரிய குழுமம் ஒன்று வாங்கப்போகிறது' என்ற செய்தியைக் கேட்டு அந்தப் பங்குகளை வாங்கியவர்கள், நிறுவனம் பிழைப்பதும் பங்கு பிழைப்பதும் ஒன்றென்று நினைத்துவிட்டார்கள்.

ஆகவே விலை இறங்கிய பங்கை மேலும் வாங்கும் முன், உங்களுக்கு முன்னால் யார் யார் பந்தியில் இருக்கிறார்கள், அவர்களுக்கு எவ்வளவு தர வேண்டியிருக்கிறது என்பதைப் பாருங்கள். நிறுவனம் பங்குச் சந்தைக்குத் தரும் அறிக்கைகளில் கடன், நிறுவனர் அடகு வைத்த பங்குகளின் அளவு, தணிக்கையாளர் விலகல் ஆகியவை வெளிப்படையாக இருக்கின்றன. கடனில்லாத, லாபம் ஈட்டும் நிறுவனத்தின் விலை சந்தையோடு சேர்ந்து இறங்கினால் அது வேறு விஷயம். அங்கே வாங்குவதற்கு நல்ல காரணம் இருக்கலாம்.

தரகர் மூடிவிட்டால்?

பங்குகள் தரகரிடம் இல்லை. என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். ஆகிய இரண்டு வைப்பகங்களில் ஒன்றில், உங்கள் பெயரில் இருக்கின்றன. தரகர் வழியாக நீங்கள் அதைத் திறந்து பார்க்கிறீர்கள். ஆனால் இந்த விடை மட்டும் போதாது என்பதை 2019 நவம்பரில் ஹைதராபாத்தின் கார்வி ஸ்டாக் புரோக்கிங் விவகாரம் காட்டியது. வாடிக்கையாளர்கள் எழுதிக் கொடுத்திருந்த அதிகாரப் பத்திரத்தைப் பயன்படுத்தி, அவர்களின் 2,300 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பங்குகளை அந்த நிறுவனம் தன் கணக்குக்கு மாற்றி, வங்கிகளில் அடகு வைத்துக் கடன் வாங்கியிருந்தது. செபியின் உத்தரவுக்குப் பிறகு சுமார் 83,000 வாடிக்கையாளர்களின் பங்குகள் திருப்பிக் கொடுக்கப்பட்டன.

அதன் பின் வந்த மாற்றங்கள் உண்மையான பாதுகாப்பைத் தருகின்றன. 2020 செப்டம்பரிலிருந்து பங்குகளை ஈடாகக் கொடுத்தாலும் அவை உங்கள் கணக்கிலேயே அடகுக் குறியோடு இருக்கும். வாங்கிய பங்குகள் 2025 முதல் தரகரின் கூட்டுக் கணக்கில் தங்காமல் நேரடியாக உங்கள் டீமேட் கணக்குக்கே வருகின்றன. இன்னும் பலவீனமான இடம் தரகரிடம் சும்மா கிடக்கும் ரொக்கம்தான். வாங்கும் நாளில் மட்டும் பணத்தை அனுப்புங்கள். வர்த்தகம் நடந்த மாதங்களில் வைப்பகம் அனுப்பும் ஒருங்கிணைந்த அறிக்கையைத் தரகரின் செயலி காட்டும் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் அன்றே கேளுங்கள், பதில் வராவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் செய்யுங்கள்.

ஃபியூச்சர், ஆப்ஷன் என்பவை பங்கு அல்லது குறியீட்டின் வருங்கால விலையின் மீது இருவர் போடும் ஒப்பந்தங்கள். ஆப்ஷனில் சம்பாதிக்கலாமா என்ற கேள்விக்குச் செபியே எண்களால் பதில் சொல்லிவிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் ஃபியூச்சர், ஆப்ஷனில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். 2024-25இலும் 91 சதவீதம் பேருக்கு நஷ்டமே. பங்கில் நிறுவனம் சம்பாதித்தால் வாங்கியவர், விற்றவர் இருவருமே லாபம் பார்க்க வழியுண்டு. ஆப்ஷன் ஒப்பந்தத்தில் ஒருவர் பெறும் ரூபாய் எதிரே இருப்பவரின் பையிலிருந்துதான் வர வேண்டும், அதிலும் தரகுக் கட்டணமும் வரியும் கழியும். எதிரே இருப்பவர் யார்? 2023-24இல் பெரிய லாபம் பார்த்தவர்கள் சொந்தப் பணத்தில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்களும் அந்நிய முதலீட்டாளர்களும்தான். அவர்களின் லாபத்தில் 95 சதவீதத்துக்கு மேல் கணினி நிரல்கள் வழியாக வந்தது. அலுவலக இடைவேளையில் கைபேசியோடு உட்காருபவர் அந்த நிரல்களுக்கு எதிராகத்தான் பணம் வைக்கிறார். குடும்பச் சேமிப்பை அங்கே கொண்டுபோக வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

வரியைப் பொறுத்தவரை, 2024 ஜூலை 23 முதல் விற்றவற்றுக்கு, ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தால் ஆண்டுக்கு 1.25 லட்சம் வரையிலான லாபத்துக்கு வரியில்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். ஓராண்டு ஆகாவிட்டால் 20 சதவீதம். பகுதியாக விற்கும்போது முதலில் வாங்கியதே முதலில் விற்றதாகக் கொள்ளப்படும். 2018 பிப்ரவரி முதல் கிடைத்த போனஸ் பங்கின் வாங்கிய விலை பூஜ்யம், அதன் ஓராண்டுக் கணக்கு போனஸ் கிடைத்த நாளிலிருந்து தொடங்கும். நஷ்டத்தை எட்டு ஆண்டுகள் முன்னெடுத்துச் செல்லலாம், உரிய தேதிக்குள் வரிக் கணக்குத் தாக்கல் செய்திருக்க வேண்டும்.

வாங்கியவர் இல்லாமல் போனால் பங்குகள் யாருக்கு? நாமினிக்கு என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. நாமினி பங்குகளைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, உரிமை உயில்படியோ வாரிசுரிமைச் சட்டப்படியோ வாரிசுகளுக்குத்தான். மனைவிக்கே சேர வேண்டும் என்று நினைப்பவர் நாமினி பெயரைப் பதிவு செய்வதோடு உயிலும் எழுதிவைக்க வேண்டும். தாத்தா காலத்துக் காகிதப் பங்குப் பத்திரம் பீரோவில் கிடைத்தால் தூக்கி எறிய வேண்டாம். 2019 ஏப்ரலிலிருந்து காகித வடிவில் கைமாற்ற முடியாதே தவிர, உரிமை அழிந்துவிடவில்லை. ஏழு ஆண்டுகள் தொடர்ந்து டிவிடெண்ட் பெறப்படாமல் போயிருந்தால் அந்தப் பங்குகள் மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போயிருக்கும். அங்கிருந்து திரும்பப் பெற ஐ.இ.பி.எஃப்.-5 என்ற படிவம் இருக்கிறது. அதற்குக் கட்டணம் இல்லை, கால வரம்பும் இல்லை. மீட்டுத் தருகிறேன் என்று பங்குகளில் பாகம் கேட்டு வருபவரிடம் பத்திரங்களைக் கொடுக்கும் முன், அந்த நிறுவனத்தின் பங்குப் பதிவாளரிடம், பத்திரத்தில் இருக்கும் ஃபோலியோ எண்ணைச் சொல்லி நீங்களே விசாரியுங்கள்.